ஹார்ட் டிஸ்க்கோடு போன நாவலை எங்கே இருந்து திரும்பத் தொடங்குவது?

நீங்கள் கேட்டது இது: திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் வாழ்ந்த ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை 5 வருடமாக லாப்டொப்பில் எழுதி வந்தீர்கள். 18 அத்தியாயம் முடிந்த நிலையில் ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. திருத்தக் கொடுத்த இடத்தில் "டிஸ்க் செத்துப்போச்சு" என்று சொல்லி, கழற்றிக் கையில் தந்துவிட்டார்கள். அது அலுமாரியில் கிடக்கிறது. 5 மாதமாக ஒரு வரியும் எழுதவில்லை. அதே நாவலை நினைவில் இருந்து எழுதலாமா, விட்டுவிட்டு வேறு ஏதாவது தொடங்குவதா என்று கேட்கிறீர்கள். இரண்டு தரம் வாசித்தால் அதற்குக் கீழே இன்னொரு கேள்வியும் தெரிகிறது: போனது எவ்வளவு என்று எனக்கே தெரியாதபோது எதை எழுத உட்காருவது? நூல் தட்டச்சு, பக்க வடிவமைப்பு, கணினித் திருத்தம் ஆகியவற்றில் பல வருடம் புழங்கியவர்களுக்கு இந்த நிலை நன்றாகத் தெரியும். கணக்கு முடியாமல் கை வராது. ஆகவே முதலில் டிஸ்க், பிறகு வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் பிரதிகள், அதன் பிறகுதான் எழுத்து.

'செத்துப்போச்சு' என்பது பலவிதமான பழுதுகளுக்கும் பொதுவாகச் சொல்லும் சொல். டிஸ்க்கின் சுற்றுப்பலகை எரிந்திருக்கலாம். வாசிக்கிற தலை பழுதாகியிருக்கலாம். தட்டின் சில பகுதிகள் மட்டும் வாசிக்க முடியாமல் போயிருக்கலாம். விண்டோஸ் இருக்கிற பகுதி மட்டும் கெட்டு, உங்கள் கோப்புகள் அப்படியே கிடக்கவும் கூடும். பெரும்பாலான கடைகளில் பார்ப்பது விண்டோஸ் ஏறுகிறதா என்பதை மட்டும்தான். ஏறாவிட்டால் புது டிஸ்க் போட்டுத் தருவார்கள். தரவு மீட்பது வேறு வேலை, அதற்கு வேறு கருவி, வேறு பொறுமை வேண்டும். டிக் டிக் சத்தம் பெரும்பாலும் வாசிக்கிற தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதால் வருவது. அந்தத் தலை தட்டைத் தொடுவதில்லை. தலைமுடியின் தடிப்பை விடப் பல மடங்கு சிறிய இடைவெளியில் தட்டுக்கு மேல் மிதக்கிறது. உரசினால் அந்த இடத்தில் எழுதியிருந்தது பொடியாகிவிடும். பிறகு யாராலும் அதை எடுக்க முடியாது. எனவே, சும்மா ஒருதரம் போட்டுப் பார்ப்போம் என்று கரண்ட் கொடுக்கவே வேண்டாம். அலுமாரியில் கிடந்த 5 மாதம் அந்த டிஸ்க்குக்கு ஒரு கேடும் செய்திருக்காது. ஓடவிட்ட 5 நிமிடம் செய்யும்.

செய்யக் கூடாதவை இன்னும் சில உண்டு. குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று ஒரு பழைய யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் ஐஸ் தண்ணீர் கிளாஸ் வியர்ப்பது போல அதுவும் வியர்க்கும், மிச்சமிருப்பதும் போய்விடும். திருகாணியைக் கழற்றித் திறந்து பார்க்காதீர்கள். வேறு கணினியில் மாட்டும்போது விண்டோஸ் "ஃபோர்மட் செய்யவா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். பிழை திருத்துகிற 'செக் டிஸ்க்' கட்டளையையும் ஓடவிடாதீர்கள். அது கோப்புகளைக் காப்பாற்றுவதற்கு எழுதப்பட்டது கிடையாது, டிஸ்க்கின் அட்டவணையை ஒழுங்காக்க எழுதப்பட்டது. அந்த ஒழுங்காக்கலில் பாதி வாசிக்கக்கூடிய ஒரு கோப்பு துண்டு துண்டாகிவிடலாம்.

விண்டோஸ் ஏறும் முன்பே திறக்கக்கூடிய பயோஸ் என்ற அமைப்புத் திரையில் டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்து, சத்தமும் தொடராவிட்டால், வீட்டிலேயே முயல இடமுண்டு. வேண்டியவை மூன்று: டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைக்கிற அடப்டர், பழைய டிஸ்க்கை விடப் பெரிய நல்ல டிஸ்க் ஒன்று, உபுண்டு போன்ற லினக்ஸ் ஏற்றிய பென் ட்ரைவ். லினக்ஸில் கணினியைத் தொடங்கி, பழைய டிஸ்க்கின் கோப்புறைகளைத் திறந்து பார்க்காமல், 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச நிரலால் அதன் முழுப் பிரதியை நல்ல டிஸ்க்கில் ஒரே கோப்பாக எடுக்க வேண்டும். இது முதல் ஓட்டத்தில் சிக்கலான இடங்களைத் தாண்டி, சுலபமாக வாசிக்கக்கூடியதை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். விட்ட இடங்களை ஒரு பதிவுக் கோப்பில் குறித்து வைத்து, அடுத்த ஓட்டங்களில் அவற்றை மட்டும் மூன்று தரம் முயல விடலாம். பதிவுக் கோப்பு இருந்தால் இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். பிரதி எடுத்து முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். கோப்புகளைத் தேடி மீட்கிற 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' ஆகிய நிரல்களைப் பிரதியின் மேல் மட்டும் ஓடவிடுங்கள். ஃபோட்டோரெக் எடுத்துத் தருவதில் கோப்பின் பெயர் இருக்காது, வெறும் எண்களாக வரும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். வேர்ட் கோப்புகளை மட்டும் தனியாக்கி, அளவு வாரியாக அடுக்கி, உங்கள் கதாபாத்திரம் ஒன்றின் பெயரை உள்ளடக்கத்தில் தேடினால் அத்தியாயங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். திறக்க மறுக்கிற கோப்பை, வேர்ட் போன்ற இலவச நிரலான லிப்ரே ஒப்பிஸில் திறந்து பாருங்கள். வேர்ட் கைவிட்டதை அது சில வேளை திறக்கும்.

பயோஸிலேயே தெரியவில்லை, அல்லது சத்தம் நிற்கவில்லை என்றால் வீட்டு வேலை அத்தோடு முடிந்தது. தூசி இல்லாத அறையில் தலையை மாற்றுகிற இடங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். அதற்குக் கொழும்புக்குப் போகவோ அனுப்பவோ நேரும். கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: பார்த்துச் சொல்லக் காசு உண்டா, ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு, பணம் கட்டும் முன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவார்களா. உங்களுக்கு வேண்டியது வேர்ட் கோப்புகளும் ஊர் வயதானவர்களின் குரல் பதிவுகளும் மட்டும் என்று எழுதியே கொடுங்கள். பார்சலில் அனுப்புவதானால் டிஸ்க்கை மின்னூட்டம் தடுக்கிற பையில் போட்டு, நாலு பக்கமும் 5 சென்ரிமீற்றர் ஸ்பொஞ் வைத்துக் கட்டுங்கள். இன்னொன்றும் உண்டு. அண்மைக் கால லாப்டொப்புகள் பலவற்றில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். அந்த டிஸ்க் வேறு கணினியில் 48 இலக்கத் திறவுகோல் ஒன்றைக் கேட்கும். நீங்கள் முதலில் பதிந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அது அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். அதை இப்போதே எழுதி வையுங்கள்.

டிஸ்க் ஒரு பக்கம் இருக்கட்டும். 5 வருடம் எழுதிய ஒருவரின் எழுத்து ஒரே இடத்தில் மட்டும் இருப்பது அபூர்வம். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழையும்போதே ஒன்ட்ரைவையும் திறந்து பாருங்கள். விண்டோஸ் புதுப்பிப்பின்போது கேட்ட ஏதோ ஒரு கேள்விக்கு 'சரி' அழுத்தியிருந்தால், 'டொக்கியுமென்ட்ஸ்' கோப்புறை உங்களுக்கே தெரியாமல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். மின்னஞ்சலில் நீங்கள் அனுப்பியவற்றில் இணைப்புள்ளவற்றை மட்டும் தேடுங்கள்: போட்டிக்கு அனுப்பியது, நண்பருக்கு வாசிக்கக் கொடுத்தது. ஆண்ட்ராய்ட் போனில் கோப்புகளைத் திறந்து, வாட்ஸ்அப் கோப்புறைக்குள் 'வாட்ஸ்அப் டொக்கியுமென்ட்ஸ்', அதற்குள் 'சென்ட்' என்ற இடத்தைப் பாருங்கள். வருடக்கணக்கில் அனுப்பிய கோப்புகள் அங்கே கிடக்கும். நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அவரின் போனிலும் கிடக்கும். பிரிண்ட் எடுத்த கடையில் பென் ட்ரைவில் இருந்து திரைக்கு இழுத்துப் போட்டுத்தான் அடிப்பார்கள். அந்தக் கோப்பை அழிக்க யாருக்கும் நேரம் இருக்காது. நேரில் போய்க் கேளுங்கள். ஏதாவது ஒரு பகுதி சிறுகதையாகச் சஞ்சிகையில் வந்திருந்தால், 2005இல் தொடங்கி ஈழத்து வெளியீடுகளை இணையத்தில் சேர்த்து வரும் நூலகம் தளத்தில் அந்த இதழ் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய போன், படமாக எடுத்து வைத்த கையெழுத்துத் தாள், ஃபேஸ்புக்கில் போட்ட பத்தி என்று ஒன்றையும் விட வேண்டாம். கிடைத்ததை எல்லாம் ஒரே கோப்புறையில் போட்டு, எங்கே கிடைத்தது என்று ஒரு தாளில் குறியுங்கள்.

தேடும்போது ஒரு விசயத்தில் பலரும் தவறிவிடுகிறார்கள். முதல் அத்தியாயங்களைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால், தமிழில் தேடினால் அவை கிடைக்கவே கிடைக்காது. பாமினியில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. நம் கண்ணுக்கு மட்டும் தமிழாகத் தெரியும். 'அம்மா' என்று நீங்கள் அடித்தது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறியாக இருக்கும். ஆகவே பாமினிக் கோப்பைத் தேட அந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். அம்மா வராத குடும்பக் கதை இருக்காது. கிடைத்ததை, இன்று எங்கும் புழங்கும் எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றும்போது இடையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த பெயர்கள் பொருளில்லாத தமிழ் எழுத்தாக மாறும். 'கௌரி' என்பது 'கெளரி' என்று ளகரத்தோடு வந்து, பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து தேடலில் மட்டும் அகப்படாமல் போகும். மாற்றிய பிறகு ஒருதரம் முழுதாக வாசித்துத் திருத்தாமல் பழைய கோப்பை அழிக்க வேண்டாம்.

இந்தத் தேடலுக்கு இரண்டு கிழமை ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். கொழும்புக்கு அனுப்பிய டிஸ்க் திரும்பி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். காத்திருப்பது எழுதாமல் இருக்க ஒரு நல்ல சாட்டாகிவிடும்.

எழுத்துக்கு வருவோம். பேனாவைத் தொடும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அவசரமானது அது ஒன்றுதான். கரையில் உள்ள வயதானவர்களிடம் கேட்டுப் பதிவு செய்த குரல்களும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தியாயத்தை அடுத்த வருடமும் எழுதலாம். 85 வயதுக்காரரிடம் அடுத்த வருடம் கேட்க முடியுமா என்று தெரியாது. பேசக்கூடியவர்களின் பட்டியலை வயது வாரியாக எழுதி, மூத்தவரில் இருந்து தொடங்குங்கள். முன்பு கேட்டதையே திரும்பக் கேட்பது அவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்று தயங்காதீர்கள். இரண்டாம் தரம் சொல்லும்போது முதல் தரம் விட்டதைச் சொல்வார்கள். பதிவின் தொடக்கத்திலேயே நாள், இடம், யாருடன் பேசுகிறீர்கள் என்பதை உங்கள் குரலில் சொல்லி, அவர்களுடைய சம்மதத்தையும் பதியுங்கள். வினாடிக்கு 64 கிலோபிட் என்ற தரத்தில், மோனோவில் (ஒற்றை ஒலித்தடத்தில்) ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 29 எம்பிதான் வரும். அன்று இரவே இன்னொரு இடத்துக்கும் அனுப்பி விடலாம். இறந்து போனவரின் குரல் எங்கும் இல்லாவிட்டால் அது போனதுதான். அந்த இடத்தில் ஆறுதல் சொல்வது பொய்யாகும்.

பிறகு ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். அத்தியாயத்துக்கு ஒரு பக்கம் என்று 18 பக்கத்துக்கு எண் போடுங்கள். இதில் அழகான வசனம் ஒன்றும் எழுதக் கூடாது. இடம், நேரம், யார் யார், என்ன மாறுகிறது, எப்படி முடிகிறது, அவ்வளவுதான். உதாரணத்துக்கு இப்படி (வாடி என்பது கரையில் மீனவர் போடும் குடில், சம்மாட்டி வலைக்குச் சொந்தக்காரர்): "7. வாடி, பின்னேரம். சம்மாட்டி கணக்குப் பார்க்கிறார். மருமகன் தன் பங்கு குறைவு என்கிறான். கிழவி ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி வைக்கிறாள். அடுத்த நாள் மருமகன் வலைக்கு வரவில்லை." ஒரு பக்கத்துக்கு 10 அல்லது 15 நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். வரிசையாகப் போக வேண்டாம், நினைவுக்கு முதலில் வருவதை முதலில் நிரப்புங்கள். வராத பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். சொல்லுக்குச் சொல் நினைவில் இருக்கிற பழைய வரிகள் உங்களை விடாமல் துரத்தும். அவற்றுக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களை ஒதுக்கி, அங்கே கொண்டுபோய் எழுதிவிட்டு வந்து வேலையைத் தொடருங்கள். மூன்று நான்கு பின்னேரத்தில் இது முடியும்.

முடிந்ததும் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். மூன்று தலைமுறையும் ஒரே அளவில் நிரம்பியிருக்காது. நடுத் தலைமுறையின் பக்கங்கள் ஓரம் வரை நிரம்பி, முதல் தலைமுறை இரண்டு வரியோடு நிற்கலாம். எந்தத் தலைமுறை கேட்காமலே வந்தது என்பதுதான் இந்த நாவல் யாருடையது என்பதற்குக் கிடைக்கும் முதல் நம்பகமான சாட்சி. கணினியில் எழுதும்போது இது தெரியாது; கோப்பு வளர்ந்துகொண்டே போகும், எதையும் சேர்க்கலாம், ஒன்றும் தட்டாது. ஆகவே விட்டுவிடுவதா தொடர்வதா என்ற முடிவை இந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு எடுங்கள், அதற்கு முன் எடுக்காதீர்கள். 18இல் 4 பக்கம்தான் நிரம்பியது, அதை எழுதும்போதும் மனம் ஒட்டவில்லை என்றால் விடுவதில் ஒரு குற்றமும் இல்லை. அந்த 4 பக்கத்தை 4 சிறுகதையாக்கலாம். நிரம்பியிருந்தால் முதல் பக்கத்தின் தலையில் ஒரு வரி எழுதுங்கள்: இந்தக் கதையை யாருக்குச் சொல்லுகிறேன். 5 வருடத்துக்கு முன் உங்களிடம் இருந்த விடை இன்று மாறியிருக்கக் கூடும். மாறியிருந்தால் நாவலும் மாறட்டும்.

எழுதத் தொடங்கும்போது முதலாம் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கிட்டத்தட்ட எல்லோரும் அங்கேதான் தொடங்கி இரண்டாம் கிழமையில் நின்றுவிடுகிறார்கள். முதலாம் அத்தியாயம் நீங்கள் அதிகம் திருத்தியது, அதிகம் பேருக்கு வாசித்துக் காட்டியது. அதன் ஒவ்வொரு வரியும் உங்கள் காதில் இருக்கிறது, ஆனால் முழுதாக இல்லை. ஒரு வரியை எழுதுவீர்கள், "பழையது இதைவிட நன்றாக இருந்தது" என்று ஒரு குரல் கேட்கும், அந்த வரியைத் தேடி ஒரு மணி நேரம் போகும். டிஸ்க் பழுதாகும்போது நீங்கள் எழுதாமல் இருந்த 19ஆம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். அதற்குப் பழைய பிரதி இல்லை, ஆகவே ஒப்பிட எதுவும் இல்லை. மனிதர்களின் குரலும் கடலின் நிறமும் அங்கே திரும்பி வந்து கை சூடான பிறகு, உங்களுக்கு எப்போதும் திருப்தி தராத அத்தியாயங்களை எடுங்கள். அவற்றை எழுதும்போது வலிக்காது, திருத்த ஆசையும் இருக்கும். முதலாம் அத்தியாயத்தைக் கடைசியில் எழுதலாம்.

ஒரு நாளுக்கு 40 நிமிடம், கையெழுத்தில் ஒரு பக்கம் போதும். அதிகாலையில் எழுதுவது நல்லது. போன் வரத் தொடங்குவதற்கு முன் ஒரு பக்கம் முடிந்திருக்கும். பழைய வரி ஒன்று வந்து வழி மறித்தால் அடைப்புக்குறிக்குள் "பழைய வரி, வலையின் நாற்றம் பற்றியது" என்று குறித்துவிட்டுத் தாண்டுங்கள். இரண்டாம் திருத்தத்தில் பார்த்தால் இந்தக் குறிகளில் பல தேவையற்றவையாகத் தெரியும். மிச்சத்துக்கு அந்த இடத்திலேயே புது வரி கிடைத்துவிடும். கை வலித்தால் போனில் குரல் தட்டச்சைப் பயன்படுத்தலாம். கூகுள் விசைப்பலகையில் இலங்கைத் தமிழ் தனித் தெரிவாகவே உண்டு. விவரிப்புக்கு அது உதவும், உரையாடலுக்கு உதவாது. "நான் போறன்", "வாறியோ" போன்றவற்றை எழுத்துத் தமிழுக்கு இழுக்கப் பார்க்கும். திருக்கடலூர்ப் பேச்சு உங்கள் நாவலின் உயிர் என்றால் உரையாடலைக் கையால் மட்டும் எழுதுங்கள்.

நினைவில் இருந்து எழுதும்போது உணர்ச்சி சரியாக வரும், தேதியும் பருவமும் பிசகும். முன்பு தேடிச் சரிபார்த்ததாக ஞாபகம் இருப்பதால் திரும்பப் பார்க்க மாட்டோம். பிழை அப்படித்தான் நுழைகிறது. உங்கள் முதல் தலைமுறை 1942இல் தொடங்குகிறது. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியது ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. திருகோணமலையைத் தாக்கியது நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9, வியாழக்கிழமை. இந்த இரண்டும் நினைவில் ஒன்றாகக் குழைந்துவிடும். ஊரார் சொல்லும் கதையிலும் குழைந்துதான் இருக்கும். பாத்திரத்தின் வாயில் பிழையாக வந்தால் வரட்டும், கதைசொல்லியின் வாயில் வரக் கூடாது. கரைவலை, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலை, வரும் காட்சிகளின் மாதத்தைப் பாருங்கள். கீழ்க்கரையில் கடல் அடங்கிக் கரைவலை வளைக்கிற காலம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தவர்கள் வந்து வாடி போடுவதும் அப்போதுதான். மார்கழியில் வாடைக்காற்றில் வலை வளைப்பதாக எழுதினால் கரையில் உள்ள எவரும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அன்று பௌர்ணமியும் கூட. அந்தக் காலை யார் கடலில், யார் கோயிலில், யார் விகாரையில் என்பது அதிலிருந்தே வருகிறது. இப்படிப்பட்டவற்றை எல்லாம் கொப்பியில் சிவப்புப் பேனாவால் குறித்து, தனியே ஒரு நாளில் சரிபாருங்கள். எழுதுகிற நேரத்தில் சரிபார்க்க எழும்பாதீர்கள்.

இதுவரை சொன்னவற்றில் டிஸ்க், எழுத்துரு, தேதி பற்றியவை சோதித்துப் பார்க்கக்கூடியவை. இனிச் சொல்வது அபிப்பிராயம்தான். திரும்ப எழுதினால் முன்னதை விட நன்றாக வரும் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அப்படி ஒரு உறுதியும் இல்லை. அமைப்பு பெரும்பாலும் நன்றாகும், ஏனென்றால் இப்போது முடிவு தெரிந்து எழுதுகிறீர்கள். தனித் தனி வரிகள் சில பழையதை எட்டாமலே போகலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கொழும்பில் இருந்து கோப்புகள் மீண்டு வந்தால் என்ன செய்வது? அந்தந்த அத்தியாயத்தைப் புதிதாக எழுதி முடிக்கும்வரை பழையதைத் திறக்காமல் இருப்பது நல்லது. முடித்த பிறகு இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழையதில் இருந்து வேண்டிய வரிகளை மட்டும் எடுங்கள். உடனே திறந்து வாசித்து அங்கிருந்தே தொடர்ந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நாவல் முடிந்திருக்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை ஒரு சிறிய அத்தியாயத்தில் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். 5 மாதத்துக்கு மேலாக எழுத்து மட்டுமின்றி உறக்கம், சாப்பாடு, வீட்டாரோடு கதை பேச்சு எல்லாமே குறைந்திருந்தால், அதற்கு இந்தப் பதிலில் மருந்து இல்லை. அதை ஒரு வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றி. உங்கள் கேள்வியின் நடுவில், லாப்டொப்பின் பற்றரி போய் இரண்டு வருடமாக அடப்டரில் மட்டும் ஓடியது என்று ஒரு வரி வருகிறது. அநேகமாகக் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு மின்வெட்டிலும் சுழன்றுகொண்டிருந்த டிஸ்க் சட்டென்று நின்றிருக்கும், தலை அவசரமாக ஒதுங்கியிருக்கும், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்றிருக்கும். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாதிருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். புது லாப்டொப் வாங்குவதை விடப் பற்றரி மாற்றுவது முதலில் வர வேண்டும். இடி மழை நாளில் அடப்டரைச் சுவரில் இருந்து கழற்றுங்கள், ரவுட்டர் வயரையும் சேர்த்து. கடலுக்குக் கிட்ட வீடென்றால் உப்புக் காற்று யூஎஸ்பி முனைகளைப் பச்சை பிடிக்கச் செய்யும். வெளி டிஸ்க்கை இறுக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணி ரோசாவாக மாறினால் ஈரம் குடித்து நிரம்பிவிட்டது என்று அர்த்தம், மாற்ற வேண்டும்.

பிரதிகள் மூன்று வேண்டும்: லாப்டொப்பில் ஒன்று, பெட்டிக்குள் இருக்கிற வெளி டிஸ்க்கில் ஒன்று, ஊருக்கு வெளியே ஒன்று. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். 80,000 சொல் நாவல் வெறும் எழுத்தாக 2 எம்பி அளவுதான் வரும். அதை நாள் தவறாமல் உங்களுக்கே மின்னஞ்சல் செய்யலாம். கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு ஒவ்வொரு தரமும் புதுக் கோப்பாக அனுப்புங்கள். கூகுள் ட்ரைவில் தானாக ஒத்திசைவதை மட்டும் நம்ப வேண்டாம். இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும், குப்பையில் 30 நாள்தான் இருக்கும். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் லேசர் பிரிண்டில் அச்செடுத்து, அச்சுப் பிரதி ஒன்றை மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ இருக்கிற நண்பர் வீட்டுக்கு அனுப்புங்கள். இங்க்ஜெட் மை ஈரத்தில் கரையும், லேசர் அச்சு கரையாது. கொப்பியிலும் ஜெல் பேனா வேண்டாம், போல்பொயின்ட் பேனாவால் எழுதுங்கள். நம் ஊரின் கோணேசர் கோயில் பற்றிய நூலான கோணேசர் கல்வெட்டு, பெயரில்தான் கல்வெட்டு. கைமாறிக் கைமாறி ஏட்டில் பெயர்த்து எழுதப்பட்டுத்தான் அது அச்சு வரை வந்தது. ஏடு செல்லரிக்கும் முன் அடுத்த ஏட்டில் எழுதி வைக்க யாரோ ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கார்ந்திருக்கிறார். மாதம் ஒருதரம் வெளிப் பிரதியை வேறு கணினியில் திறந்து, ஏதாவது ஒரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்துப் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று கணக்கில் எடுக்க முடியாது.

டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கிற லேபிளைப் படம் எடுத்து, அதில் உள்ள மாதிரி எண்ணையும் கொள்ளளவையும் இங்கே எழுதுங்கள். சத்தம் எத்தனை தரம் வந்து நின்றது, கடையில் அதற்குப் பிறகு எத்தனை தரம் போட்டுப் பார்த்தார்கள் என்பதையும் கேட்டு எழுதினால், வீட்டில் முயலலாமா நேரே கொழும்புக்கா என்று சொல்ல முடியும். அதற்கு முன், இந்தக் கிழமைக்குள்ளேயே, பட்டியலில் முதலாவதாக இருக்கிற அந்த வயதானவரைப் போய்ப் பாருங்கள்.